முத்துத்தாய் நிரப்பிய சீசா

பரளச்சி கிராமத்துக்கு ஆஸ்பத்திரி ஆள் ரத்தினம் சோதனைப் பெட்டியோடு வந்தது 1986 புரட்டாசியில். மலேரியா மாத்திரை தின்றவர் மூத்திரத்தில் மருந்து தெரிகிறதா என்று பார்க்க இரண்டு எளிய முறைகள். மருந்து இருந்தால் ஒன்றில் அடியில் சிவப்பு இறங்க வேண்டும். மற்றதில் வெள்ளையாகக் கலங்க வேண்டும். எதை நம்பலாம் என்று ஒப்பிட்டு எழுதுவது அவன் வேலை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

காய்ச்சல் கண்ட வீடென்று முத்துத்தாய் வீட்டில் எல்லாருக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூன்று நாளாகியும் சின்ன மகள் மாரிக்கனிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தம் தடவிய கண்ணாடி டவுனுக்குப் போய்த் திரும்ப ஒரு வாரமாகும்.

"மாத்திரை உள்ள போகலேன்னா இன்னைக்கே மலேரியாவுக்கு ஊசி போட்டுருவோம். போயிருந்தா இது வேற காய்ச்சல். பாத்துட்டு வாங்க" என்று டாக்டர் அனுப்பினார்.

மாரிக்கனியின் மூத்திரம் வேண்டுமென்று ரத்தினம் நீட்டிய சீசாவை வாங்கிக்கொண்டு முத்துத்தாய் கொல்லைப்பக்கம் போனாள். எதற்கென்று இவன் விளக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து முந்தானையால் மூடிக் கொண்டுவந்து நீட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று இவனும் எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சோதித்தான். சிவப்பு அழகாக இறங்கியது. மற்றதும் கலங்கியது. இரண்டும் இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போனதே இல்லை. "மருந்து இருக்கு சார்" என்று சந்தோஷமாக ஓடிப்போய்ச் சொன்னான், பாவி. டாக்டர் டைபாய்டுக்கு மருந்து மாற்றினார். நான்காம் நாள் மாரிக்கனி செத்துப்போனாள். மறுநாள் கண்ணாடி முடிவு வந்தது: மலேரியாதான்.

துக்கம் கேட்கப் போனவனிடம் முத்துத்தாய் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமென்றே அவளுக்குத் தெரியாது.

"புள்ளைக்கு அன்னைக்குப் பூராம் ஒரு சொட்டு ஒண்ணுக்கு இறங்கல சார். ஆஸ்பத்திரிக்காரவுகள வெறுஞ் சீசாவோட அனுப்பலாமா? அவ அக்கா பெரியவகிட்ட வாங்கிக் குடுத்தேன். எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான குடுத்தாக?"

"சின்னவ முழுங்குனாளா?"

"கசக்குதுன்னு துப்பிருவா சார். மூணு நாளும் அதே பாடுதான்."

ரத்தினத்துக்கு அவளை ஒரு வார்த்தை சொல்ல மனம் வரவில்லை. யாருடையது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதற்கு எந்த மருந்தும் பெட்டியும் வேண்டியதில்லை. பஸ்ஸாம், பெரிய பஸ்ஸு!

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவள் தங்கச்செல்வி மெல்லக் கேட்டாள்.

"சார், என்னோடதுல மருந்து இருந்துச்சா?"

"இருந்துச்சு தாயி."

"நான் ஒருநாளும் துப்பல சார்" என்றாள்.