நூற்றெழுபதாவது அடி

ஆஸ்பத்திரி டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை வீட்டிலேயே துவைத்துத் தேய்த்துக் கொடுப்பது அவள் தொழில். அந்த மாதம் மூன்றாவது முறையாக மூட்டை அப்படியே திரும்பி வந்தது. எல்லாக் கோட்டிலும் செம்மண் கறை.

"சோப்பை மாத்திப் பாரேன்," என்றார் மாமியார்.

"சோப்பு என்ன பண்ணும் அத்தை? போர்த் தண்ணியே கலங்கலா வருது."

குழாயில் துணி கட்டினாள். ஒரே நாளில் அடைத்துக்கொண்டது. தொட்டியைக் கழுவினாள்; மறுநாளே அடியில் விரற்கடை மண். போர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் வண்டியை விட்டுக்கூட இறங்கவில்லை.

"இந்த போர் அவ்வளவுதான். வேற எடத்துல போட்டுடுங்க."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் காலை மோட்டார் போட்டதும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். பத்து நிமிடம் கழித்து ஒன்று, அரை மணி கழித்து இன்னொன்று. மதியத்துக்குள் மூன்றிலும் ஒரே அளவு மண் படிந்தது. மேலே நின்ற தண்ணீர் மட்டும் பளிங்கு மாதிரி இருந்தது.

"ஊத்து நல்லாத்தான் இருக்கு அத்தை. மோட்டார்தான் அடி மண்ணுல உக்காந்துகிட்டு அதையே இழுக்குது."

மெக்கானிக்கை மறுபடியும் வரவழைத்தார்கள். "முப்பது வருஷமா இதே வேலைதான் பாக்குறேன்," என்று முகத்தைச் சுளித்தார்.

"அப்ப கழட்டிப் பாக்க உனக்கு ரொம்ப நேரம் ஆகாது தம்பி," என்று மாமியார் போர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

குழாய்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கடைசியாக வந்த மோட்டாரில் பாதி வரை சேறு. துணிக்கொடிக் கயிறுகளை ஒன்றாக முடிந்து, நுனியில் இரும்புத் துண்டைக் கட்டி அவளே உள்ளே விட்டாள். இருநூறடி போரில் நூற்றெழுபதிலேயே கயிறு தொய்ந்தது; அடியில் முப்பதடிக்கு மண். மெக்கானிக்கும் வாங்கி ஒருமுறை விட்டுப் பார்த்தார். கம்ப்ரசர் வண்டிக்குப் போன் போட்டார்.

காற்றை உள்ளே செலுத்தியதும் சேறு மாடி உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் செம்மண் குழம்பு, அப்புறம் டீ நிறம், அப்புறம் வெறும் தண்ணீர். மோட்டாரை இருபதடி உயர்த்தி மாட்டினார்கள்.

குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்தாள். தண்ணீருக்கு அடியில் கைரேகை தெரிந்தது. தலை முதல் கால் வரை சேறாக நின்ற மாமியார், "எங்க வீட்டுப் பொண்ணு கண்டுபுடிச்சது," என்று எதிர்வீட்டுக்காரியிடம் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தபடி அவளிடம் வந்தார். "பின்தெருவுல ஒரு வீட்லயும் இதே தொல்லைம்மா. நேத்துதான் புதுசா போடச் சொன்னேன். ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இருடி, நானும் வரேன்," என்றார் மாமியார்.