ஒண்ணாம் நம்பர் பிள்ளைகள்

ஹெட் கான்ஸ்டபிள் வேதாசலம் கமலாக்கா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைப் புரட்டப் புரட்ட, ஆஸ்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. இந்த மனுஷன் ‘முகவரி பொய்’ என்று ஒரு வரி எழுதினால் எல்லாம் போச்சு.

“ஏழு வருஷத்துல இதே ஒண்ணாம் நம்பர் வீட்டுக்கு இது ஆறாவது ஃபைல். அனீஸுக்கு பாஸ்போர்ட்டு, நவீன்குமாருக்கு மிலிட்டரி, பிரியங்காவுக்கு நர்ஸு வேலை. இது இன்னா வீடா, ஹாஸ்டலா?”

நியாயமான கேள்விதான். திருத்தணி மலையடிவாரத்து அந்தப் பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்பில், பி பிளாக்கில் பன்னிரண்டு வீடுகள்; பிள்ளைகள் பதினோரு பேர். பெற்றவர்கள் விடிகாலை ரயிலைப் பிடித்து அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஜூன் பிறந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க யார் போவது? கீழ்வீட்டு கமலாக்காதான். வீட்டிலேயே தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவள், சொந்தமாகப் பிள்ளை இல்லாதவள். தலைமையாசிரியர் “அட்ரஸ்?” என்றால், தனக்கு மனப்பாடமான ஒரே அட்ரஸைச் சொல்வாள்: பி பிளாக், கதவு எண் ஒன்று. பதினோரு பிள்ளைகளுக்கும் அதையே சொன்னாள்; அதுவே சான்றிதழிலும், பிறகு எல்லா விண்ணப்பத்திலும் ஏறிக்கொண்டது. பெற்றவர்களில் ஒருவராவது திருத்தினார்களா? ம்ஹூம். கடுதாசி கமலாக்காவிடம் வந்தால் பத்திரமாக இருக்கும், விடு என்றார்கள்.

ஆஸ்மா நாலாவது படிக்கும்போது புதிதாக வந்த டீச்சர் ரெஜிஸ்டரைப் பார்த்து அசந்துபோனாள். “ஒரே வீட்டுல எத்தனை பேர்டி நீங்க?”

“பதினோரு பேரு டீச்சர்!” என்றாள் ஆஸ்மா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பொய் சொல்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. கபடிக்கு ஏழு பேர் போதும்; இவர்களிடம் மாற்று ஆட்கள் வேறு இருந்தார்கள். ஏ பிளாக்காரன் எவனாவது இவர்களில் ஒருத்தன் மேல் கை வைத்தால் மீதிப் பத்துப் பேரும் படி அதிர இறங்குவார்கள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டால், கமலாக்கா போடும் ஒரு சத்தத்தில் பன்னிரண்டு வீட்டுக் குடங்களும் நிறைந்துவிடும். அப்படி வளர்ந்த கூட்டம் அது. இதையெல்லாம் போலீஸ் ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

“சரி, இந்தப் பொண்ணு இந்த வீட்லதான் இருந்துச்சின்னு எழுதி கையெழுத்து போடுங்க,” என்றார் வேதாசலம். “பொய்யின்னு தெரிஞ்சா கேஸ் உங்க மேலதான்.”

“ஆங், குடுங்க,” என்று கமலாக்கா பேனாவை வாங்கியேவிட்டாள்.

“அக்கா, வேணாம்!” ஆஸ்மா அவள் கையைப் பிடித்துவிட்டாள். “சார், இது எங்க வீடு இல்ல. எங்களுது ரெண்டாவது மாடி, ஒம்போதாம் நம்பரு.”

கமலாக்காவின் முகம் வாடிவிட்டது. பேனாவை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். வேலை போய்விடுமே என்ற பயத்தைவிட அந்த முகம்தான் ஆஸ்மாவை அதிகமாகச் சுட்டது. ஆனாலும் பள்ளிக்கூடத்துக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

வேதாசலம் லேசில் நம்புகிற ஆளில்லை. எழுந்து படியேறி, கதவு கதவாகத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்; வீட்டுக்கு வீடு பிள்ளைகளின் சான்றிதழ்களை எடுத்து நீட்டினார்கள். எல்லாவற்றிலும் கதவு எண் ஒன்று. ஒன்பதாம் எண்ணில் ஆஸ்மாவின் அம்மா ஹமீதுன்னிசா ரேஷன் கார்டையும் காட்டினாள். இறங்கி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது.

“ஏதோ ஃபோர்ஜரி கும்பல்னு நெனச்சிகினு வந்தேன். விசாரிச்சேன், பொய்யில்லன்னு எழுதிடறேன், வேலைக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா சர்டிபிகேட்ல ஒம்போதுன்னு திருத்திக்கோம்மா. மனு குடுத்தா மாத்திக் குடுப்பாங்க.”

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“வேணாம் சார்,” என்றாள் ஆஸ்மா. “எங்கம்மா பெத்துப் போட்டு ரயில் புடிக்க ஓடினாங்க, பாவம். கையைப் புடிச்சி இஸ்கூலுக்கு இட்டுகினு போனது இவங்க. எனக்கு எத்தினி பிரமோஷன் வந்தாலும் என் பேப்பர்ல இவங்க வீட்டு நம்பர்தான் இருக்கணும்.”

கமலாக்கா வெளியே வந்தாள். கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. வேதாசலத்தின் கையிலிருந்த பேனாவை வாங்கி, சாட்சி என்ற இடத்தில் கொட்டை கொட்டையாகக் கையெழுத்துப் போட்டாள்.

“இன்னும் எங்கெங்க போடணும், சொல்லுங்க,” என்றாள்.