கலோலைனே திருடிய பாவம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சொந்தமாக ஒரு பாவம் இல்லையே என்று தவித்தவளின் கதை ஒன்று சொல்கிறேன்.

டோங்கா நாட்டில், ஹாபாய்த் தீவுக்கூட்டத்துச் சின்னத் தீவொன்றில் கலோலைனே என்றொருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மேடையேறிப் பிரசங்கம் செய்ய வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஆனால் அதற்குமுன் சபையார் கூடிச் சாட்சி கேட்பார்கள். இன்ன பாவம் செய்தேன், மனந்திரும்பினேன் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்கு மேடை கிடையாது.

மூன்று நாள் யோசித்தாள். பாய் பின்னும்போதும் யோசித்தாள், கிழங்கு தோண்டும்போதும் யோசித்தாள். பொய் சொன்னதில்லை. பிறர் பொருளைத் தொட்டதில்லை. பிரசங்கத்தின்போது தூங்கியதுகூட இல்லை. "ஆண்டவரே, என்னை இப்படிக் கைவிட்டுட்டீரே" என்று அழுதாள்.

கூட்டத்தன்று பக்கத்து வீட்டு லூபேயைக் காணவில்லை. பல்வலியாம். கலோலைனேவுக்குத் தைரியம் வந்தது. கோயிலுக்கு வரும்போது மரியாதைக்காக இடுப்பில் சுற்றும் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"போதகரய்யா, போன ஈஸ்டருக்கு உங்களுக்குன்னு மண்ணடுப்புல வெச்ச இலைப் பொட்டலத்தப் பிரிச்சு, உள்ள இருந்த கறியெல்லாம் நான்தான் தின்னேன். வெறும் கீரைய மட்டும் திரும்பக் கட்டி வெச்சிட்டேன்."

போதகர் டானியேலா நிமிர்ந்தார். "அதானே பாத்தேன்."

"அடியே, அது என் பாவம்டி." வாசலில், தாடையில் துணி கட்டிக்கொண்டு லூபே நின்றிருந்தாள். "அடுத்த மாசம் என் முறைக்குச் சொல்லலாம்னு பத்திரமா வெச்சிருந்தேன். உன்ன நம்பிச் சொன்னா எடுத்துக்கிட்டு வந்துட்டியே."

"கறியத் தின்னது யாரு? நீயா, அவளா?" என்று லூபேயைக் கேட்டார் போதகர்.

"நான்தான்யா. உள்ள என்ன கறி இருந்துச்சுன்னு அவளச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

கலோலைனேவுக்குத் தெரியவில்லை. "அவளோடதுதான்யா. எனக்குன்னு ஒண்ணும் கிடைக்கல. அதான் எடுத்தேன்."

முன்வரிசைக் கிழவர் மோசேசே கனைத்தார். "திருடியிருக்கா. கோயில்லயே நின்னு பொய்யும் சொல்லியிருக்கா. இதுக்குமேல என்னய்யா சாட்சி வேணும்?"

சபையே சிரித்தது. கலோலைனே மட்டும் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். "பாவமே இல்லன்னு மூணு நாளா அழுதேனே லூபே, உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாவும்தான் இருந்துச்சு."

"கொஞ்சமா?" என்றாள் லூபே. என்றாலும் கலோலைனேவுக்கு மேடை கொடுக்கலாம் என்று முதலில் தூக்கிய கை அவளுடையதுதான். பிறகு சபை முழுக்கக் கை தூக்கியது.

அந்த ஞாயிறு கலோலைனே மேடையேறினாள். இரண்டு மணிநேரம் இறங்கவே இல்லை. மோசேசே நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

உங்கள் வீட்டார் அத்தனை பேரையும், அவரவர் குறைகளோடேயே, ஆண்டவர் அணைத்துக் காக்கட்டும்.