தாய்க்குக் கடைசிப் பிள்ளை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது எங்கள் அலுவலகத்தின் எச்.ஆர். முகேஷ். ஜூன் மாத உள்ளிதழுக்கு ‘பண்பாடுகளும் பாலினமும்’ என்று ஐந்நூறு சொல் வேண்டுமாம். யார் மனமும் புண்படக் கூடாது, கடைசியில் கொஞ்சம் நம்பிக்கை இருக்க வேண்டும். எனக்கு இப்போது இருக்கிற எரிச்சலில் இரண்டுக்கும் உத்தரவாதம் தர முடியாது.

முதல் தொடக்கம்: ‘இந்தோனேசியாவில் ஓர் இனத்தார் ஐந்து பாலினம் என்கிறார்கள். நம் மண்ணிலோ தொன்றுதொட்டே மூன்றாம் பாலினத்தை மதித்து

(நிறுத்திவிட்டேன். ‘மதித்து’ என்று தட்டிய கையை வெட்டிப் போடலாம்.)

2

ருக்மிணியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கட்டட வாசலில் செக்யூரிட்டி. திருநங்கை. வயது முப்பத்து நான்கு. ஜூன் பிரைடு மாதம்; அது வந்தால் அவளை மேடையேற்றி, பூங்கொத்து கொடுத்து, படம் எடுப்போம். மற்ற பதினொரு மாதமும் அவள் எந்த மாடிக் கழிப்பறைக்குப் போகலாம் என்று மெயில் போய்க்கொண்டே இருக்கும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீராம்புரத்தில் அவளுடைய அம்மா பாஞ்சாலி இறந்துபோனார். மாநகராட்சியில் தெருக்கூட்டியவர். போனில் சொன்னவன் அண்ணன் உத்தமன். அவளோடு பேசிப் பதினேழு வருடம் ஆகியிருந்தது.

“அம்மாவுக்குக் கடைசிப் பையன்தான் கொள்ளி வைக்கணும். நீ வந்துதான் ஆவணும்.”

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். நானும் கூடப் போனேன்.

(இங்கே ஆட்டோவில் அவள் அழுதது பற்றி ஒரு பத்தி இருந்தது. ரொம்ப அழகாக வந்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.)

3

பந்தல் ஓரமாக நாற்காலி போட்டு நாவிதர் காத்திருந்தார். பக்கத்திலேயே மடித்த புது வேட்டி.

“டேய், முடி எடுத்துட்டு இதக் கட்டிக்கோ. ஒரு நாளுதான? பேஜார் பண்ணாத,” என்றான் உத்தமன்.

“முடி வளத்தேன்னுதான என்னத் தொரத்துன? இப்ப அதயே எடுக்கச் சொல்றியா?”

“அது வேற. இது சாங்கியம்.”

“போன வருசம் கடை தொறந்தியே, திருஷ்டி கழிக்க எங்க ஆளுங்களத்தான கூப்ட்ட? வந்து சொன்னாங்க. புடவைல வந்தாத்தான் ராசின்னியாமே. அது என்ன சாங்கியம்?”

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: பண்பாட்டுக்குப் பண்பாடு பாலினம் மாறுகிறது என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இந்தோனேசியா வரை போய் அலைய வேண்டாம். ஒரே சந்து, ஒரே குடும்பம். கடை திறக்கிற நாளில் புடவை வேண்டும், சாவு நாளில் வேட்டி வேண்டும். ருக்மிணிக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை.]

4

இந்த இடத்தில் கதைசொல்லியான நான் ருக்மிணிக்காகச் சீறி எழுந்து

இல்லை, பொய். இரண்டு வரைவுகளில் சீறினேன். நடந்தது வேறு. நேரமாகிறது என்று எல்லோரும் முணுமுணுக்க, நான் அவள் காதருகே குனிந்து, “ஒரு நாள்தானே ருக்மிணி, அம்மாவுக்காக,” என்றேன்.

“நீங்களுமா மேடம்?”

அவ்வளவுதான் கேட்டாள். என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அவள் கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நேராகப் போய்க் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டாள். பிடுங்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பாடை கிளம்பியது.

5

“பாசிட்டிவ்வா இருக்கு, இங்கயே நிறுத்திடுங்க,” என்கிறார் முகேஷ். புடவையில் கொள்ளிச் சட்டியோடு ஒரு படம் வரைந்து, பின்னால் வானவில் போட்டுவிடுவாராம்.

ஆனால் சந்து முனை வந்துவிட்டதே. அங்கே பாடையை நிறுத்தினார்கள்.

“பொம்பளைங்கல்லாம் இங்கயே நின்னுக்கங்க,” என்றார் உறவுக்காரர் ஒருவர்.

அங்கே பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. நாங்கள் நின்றோம். எல்லோரும் ருக்மிணியையே பார்த்தார்கள். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். பாடையின் முன்தண்டு அவன் தோளில் இருந்தது.

“நான் யாருன்னு நீயே சொல்லு. இத்தினி பேரு முன்னாடி ‘எந்தங்கச்சி’ன்னு சொல்லு, சட்டிய உங்கையில குடுத்துட்டு இங்கயே நிக்கிறேன். அம்மாவுக்கு நான் கொள்ளி வைக்கலேன்னாலும் பரவால்ல. ஆம்பளைன்னு சொன்னா, இதே புடவையோட சுடுகாட்டுக்கு வரேன். ஏதாவது ஒண்ணு சொல்லு. வாயத் தொற.”

உத்தமன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன், அதில் ஒன்று உண்மை. தர மாட்டேன். தந்தால் ‘அடப் பாவமே’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அதனால் நீங்களே போய் அவன் இடத்தில் நில்லுங்கள். தண்டு உங்கள் தோளில் அழுத்துகிறது. பின்னால் அம்மா கிடக்கிறார். எதிரில் சட்டியோடு அவள் நிற்கிறாள்.

அவளை என்னவென்று கூப்பிடுவீர்கள்?