இடது கை

பதினேழாவது கையை வைஸில் இறுக்கிவிட்டு அவள் அரத்தை எடுத்தாள். சுவரிலிருந்து நீண்டு பல்பைப் பிடித்திருக்கும் வெண்கல வலது கை. மணிக்கட்டில் பிசிறு, விரலிடுக்கில் பிசிறு. எல்லாவற்றையும் அராவிவிடுவாள், கட்டைவிரல் நகத்தின் கோணலை மட்டும் தொடமாட்டாள். அது அவள் புருஷனுடைய நகம். கல்யாணமான புதிதில் அவள் சாத்திய கதவில் நசுங்கியது.

அந்தப் பட்டறையில் அவர்தான் வார்ப்புக்காரராக இருந்தார். போன வருஷம் கம்ப்யூட்டர்காரர் ஒரு கருவியை அவர் கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி உருவத்தை எடுத்துக்கொண்டார். மிஷின் அதைப் பிளாஸ்டிக்கில் செய்துகொடுக்கும். அதன்மேல் மாவுக்கலவை ஊற்றி, சூளையில் வைத்துப் பிளாஸ்டிக்கை எரித்துவிட்டு, அந்தப் பொந்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்றுமுன் வார்ப்புக்காரர் அச்சின் வாயில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடிப்பார். ஆவி படிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அவர் கடைசியாக ஊற்றிய அன்றைக்குப் படிந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும் முதலாளி."

"பன்னண்டு மணி நேரம் முடிஞ்சிதுன்னு சூளையே காட்டுதே. மிஷினுக்குத் தெரியாதது உன் உடைஞ்ச கண்ணாடிக்குத் தெரியுமா? ஊத்துப்பா, வண்டி நிக்குது."

ஊற்றினார். போன வேகத்தில் உலோகம் சீறித் திரும்பியது. வலது கையில் இப்போது மிச்சம் சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான். ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி, "ஆறினதும் சொல்லி அனுப்பறேன்" என்றார். ஆறி மூன்று மாதமாகிறது. அவர் சொல்லியும் அனுப்பவில்லை, இவர் போய்க் கேட்கவும் இல்லை. ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

முதலாளி போனில் பேசுவது காதில் விழுந்ததும் அவள் அரத்தைக் கீழே போட்டாள். ஹோட்டல் வாசலுக்கு ரெண்டு பக்கமும் ஜோடியாக வேண்டுமாம். இருபது இடது கை.

"முதலாளி, அவரோட இடது கைக்கு ஒண்ணும் ஆகல. வரச் சொல்லட்டுங்களா?"

முதலாளி தாடையைச் சொறிந்தார். "வரச் சொல்லேன், பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' போதும் அவளுக்கு. மறுநாள் காலையில் புருஷனுக்குச் சவரம் செய்து, சட்டைப் பொத்தான் போட்டு, இடது கை நகங்களையும் வெட்டிவிட்டாள்.

"கையைத்தானேடி படம் புடிக்கப் போறாங்க, மூஞ்சிக்கு எதுக்குப் பவுடரு?"

"சும்மா இருங்க. உள்ள போனதும் வாட்ச்மேன் வேலையாவது வாயைத் தொறந்து கேளுங்க. கல்லு மாதிரி நின்னுட்டு வராதீங்க."

கம்ப்யூட்டர் மேஜையில் அவர் இடது கையை விரித்து வைத்தார். வலது கை பாண்ட் பைக்குள் இருந்தது. கம்ப்யூட்டர்காரர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு சார்? வலது கைதான் நம்மகிட்ட இருக்கே."

ஒரே ஒரு தட்டு. திரையில் வலது கை புரண்டு இடது கையானது. கோணல் நகம்கூட அந்தப் பக்கம் போய்விட்டது.

"அட, இவ்வளவுதானா!" முதலாளி சிரித்தார். "பாவம், உன்னை வீணா அலைய வெச்சுட்டோம்ப்பா."

அவள் புருஷனின் முதுகில் விரலால் குத்தினாள்.

"கேட்டுல... வாட்ச்மேன் மாதிரி ஏதாவது..." என்றார் அவர்.

"கேட்டுக்குக் கேமரா போட்டாச்சேப்பா." முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நீ போய் வேலையப் பாரும்மா. அந்த நகக் கோணலை அராவிடு, பார்ட்டிக்குப் பிடிக்கல."

அவர் இன்னும் மேஜையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் கைய எடுங்கண்ணே, டீ வைக்கணும்" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

பதினெட்டாவது கையை அவள் வைஸில் மாட்டினாள். அவர் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, கட்டைவிரல் நகத்தில் அரத்தை வைத்தாள்.