ரொட்டிக்காரியின் கல்லறைக் கல்

தடால்! கதவு சுவரில் மோதிய வேகத்தில், அலமாரி மேலிருந்த சீசர் சிலை குப்புற விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டது.

"கதவைத் தட்டிட்டு வர்ற பழக்கமே கிடையாதா, மாப்ளே?" என்றார் பேராசிரியர், நாற்காலியை விட்டு அசையாமல்.

மைத்துனன் அச்சுப்படித் தாள்களை அவர் முன்னால் ஓங்கிப் போட்டான். அவனும் அதே கல்லூரியில் வரலாற்று ஆசிரியன்தான். ஆனால் அத்தானைப் போல ரோமாபுரியை வைத்து ஒரு பக்கம் ஆராய்ச்சி, மறு பக்கம் நாவல் என்று பேர் வாங்கத் தெரியாதவன். அத்தானின் புது ஆராய்ச்சி நூலுக்கு, அக்கா முகத்துக்காக, 'சான்றுகள் அனைத்தும் சரி' என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டான். நாளைக் காலையில் நூல் அச்சேறுகிறது. குட்டு உடைந்தால் முதலில் பறிபோவது அவன் வேலைதான்.

"நூத்திப் பத்தாம் பக்கம். ரொட்டிக்காரியோட கல்லறைக் கல். அது எங்க இருக்கு, அத்தான்?"

"எந்த மியூசியம்னு அடிக்குறிப்புல போட்டிருக்கேனே. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"போட்டோ கேட்டு அங்கேயே எழுதினேன். இப்பதான் பதில் வந்துச்சு. அப்படி ஒரு கல்லே கிடையாதாம்!"

"பதில் போட்ட குமாஸ்தாவுக்கு என்ன தெரியும்? என் குறிப்பு அட்டையில இருக்கு. நீ முதல்ல எழுந்து நிக்கக் கத்துக்க, அப்புறம் எனக்குப் பாடம் எடுக்கலாம்."

"அட்டையில மட்டுமா இருக்கு? உங்க நாவல்லயும் இருக்கு!"

பையிலிருந்து அத்தானின் முதல் நாவலை உருவி, அதில் வரும் கல்லறைக் கல்லின் வாசகத்தை உரக்கப் படித்தான். "'மாவு பிசைந்த கை என்னுடையது. கடை வாசலில் பொறித்த பெயர் அவனுடையது.' இந்தக் கல்லு வெறும் கற்பனைன்னு பின்னுரையிலயே சொல்லியிருக்கு! சொந்தப் புளுகையே சான்றாக் காட்டின மகானுபாவர் நீங்க ஒருத்தர்தான்!"

பேராசிரியரின் முகம் வெளிறியது. நாவலைப் பிடுங்கி அந்தப் பக்கத்தை வெறித்தார், முன்பின் தெரியாத யாரோ எழுதியதைப் பார்ப்பது போல.

"இது... இந்தப் புஸ்தகத்துலயா வருது?"

"நடிக்காதீங்க! என் சோத்துல மண்ணைப் போட்டுட்டு நாடகம் வேறயா?"

"உன் அத்தான் நடிக்கலைடா."

வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையில் குறிப்பு அட்டைகள் அடுக்கிய, பழுப்பேறிய ஒரு பெட்டி.

"அவசரத்துல என் பெட்டியிலேர்ந்து அட்டையை எடுத்து எழுதிட்டாரு. அவ்வளவுதான்."

"நீ உள்ள போ!" என்று சீறினார் பேராசிரியர்.

அவள் நகரவில்லை. மைத்துனன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உனக்கு எதுக்குக்கா ரோமாபுரி அட்டை?"

"நாவலை எழுதினவ நான்தானேடா தம்பி. இவரு ஒண்ணையாவது படிச்சிருந்தா, அந்தக் கல்லு பொய்யின்னு தெரிஞ்சிருக்குமே!"