அன்புச்செல்வியின் மஸ்கட்

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் என்னிடம் வந்து சேர்ந்தது. போத்தனூரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த நர்ஸ் அன்புச்செல்வி, பல வருடம் கழித்து என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, என்னைய வெச்சு ஒரு கதை எழுதறேன்னீங்களே, எழுதிப்போட்டீங்களா?"

எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அன்று மாலைதான் ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: 'தொண்ணூற்றாறாம் வருடம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு...'

(இல்லை. மழையே கிடையாது. ஆனி மாதக் காற்று. கொடியில் துணி நிற்காது; எங்கள் துணி அவர்கள் வாசலிலும் அவர்கள் துணி எங்கள் வாசலிலும் கிடக்கும். திருப்பிக் கொடுக்கப் போய்த்தான் பழக்கமானோம். அந்தக் காற்றுக்காகவே அந்த வருடத்துக்குள் இன்னொரு முறை போய்வரலாம்.)

நேராகவே சொல்கிறேன். அன்புச்செல்விக்கு டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. கணவர் கதிர் பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். மகள் இளவேனில் இரண்டாம் வகுப்பு. வீடு சொந்த வீடு. இந்த போனஸில் ஒரு சுவர், அடுத்த போனஸில் இன்னொன்று என்று கதிர் எழுப்பியது. வெளிப்பூச்சு பாக்கி. கடன் கிடையாது.

அப்போதுதான் மஸ்கட்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று அன்புச்செல்வியைக் கூப்பிட்டது. சம்பளம் ஐந்து மடங்கு. ஆனால் ஏஜென்டுக்கும் டிக்கெட்டுக்கும் வீட்டை அடமானம் வைக்க வேண்டும்.

3

"நமக்கு இப்ப என்ன கொறை, அம்மணி? எவனாச்சும் வந்து கதவத் தட்டறானா?"

"தட்டலைங்க. ரெண்டே வருசம். அடைச்சுப்போடலாங்க."

"எங்கப்பனும் அப்படித்தான் சொன்னாரு."

கதிரின் அப்பா ஒரு பண்ணையத்தில் முன்பணம் வாங்கி, அது தீராமலே ஆயுள் முழுக்க அங்கேயே உழைத்தவர்.

(இந்த இடத்தில் கதிரை முரடனாக்குவது சுலபம். ஒரு பிரதியில் சாப்பாட்டுத் தட்டை வீசக்கூட வைத்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. மனைவிக்கு நைட் டியூட்டி என்றால் காலையில் மகளுக்கு அவர்தான் தலை பின்னுவார். வகிடு கோணலாக இருக்கும். சடை சாயங்காலம் வரை அவிழாது.)

4

'மகளின் படிப்புக்காகவே அவள் கடல் கடக்கத் துணிந்தாள்' என்றுதான் எழுத நினைத்திருந்தேன். பந்தியில் இதைச் சொன்னதும் அன்புச்செல்வி தலையாட்டி மறுத்தார்.

"புள்ளைக்காகன்னு எழுதாதீங்க. எனக்கே போகோணும்னு இருந்துச்சுங்க. பெரிய தியேட்டர்ல இருதய ஆப்பரேசனுக்குப் பக்கத்துல நிக்கோணும். எனக்குன்னு ஒரு ரூம்பு. அதையெல்லாம் ஊட்ல எப்படிச் சொல்றது? சம்பளத்தச் சொன்னாத்தான் பேச்சே ஆரம்பிக்க முடிஞ்சுது."

அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

5

நடந்தது இதுதான். ஒரு வாரம் கழித்து ஒரு காலை, கதிர் பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து மனைவியின் மடியில் வைத்தார். "நட, போலாம். கையெழுத்துப் போடறேன்" என்றார்.

பைனான்ஸ் ஆபீஸுக்கு இருவரும் பஸ்ஸில் போனார்கள். உள்ளே அன்புச்செல்வியை உட்காரச் சொன்னார்கள். கணவர் பின்னால் வருகிறார் என்றே நினைத்திருந்தார். திரும்பிப் பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதிர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே போனவர்கள் எல்லோரும் செருப்போடுதான் போனார்கள்.

"எங்க மாமனார் பண்ணையத்து வாசல்ல அப்படித்தாங்க நிப்பாரு" என்றார் அன்புச்செல்வி. குரல் மாறவில்லை. ரசத்துக்குக் கையை ஏந்தினார்.

அன்றைக்கு அன்புச்செல்வி பத்திரத்தைக் கொடுக்காமலே எழுந்து, அதோடு வெளியே வந்துவிட்டார்.

"ஏன் அம்மணி, ஆள் இல்லையா?"

"இல்லைங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம். செருப்பப் போடுங்க."

6

மஸ்கட் போய்ச் சம்பாதித்துத் திரும்பும் முடிவு ஒன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அதில் இருதய ஆப்பரேஷன் உண்டு, கடலும் உண்டு. அது பொய் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

ஆள் இல்லையென்றால் மறுநாள் போயிருக்கலாம். மறுநாளைப் பற்றிக் கதிர் பேசவில்லை. அதன்பிறகு ஒருநாளும் கேட்கவில்லையாம். மனைவி சொன்னதை நம்பினாரா, பொய் என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டாரா? பந்தியில் எதிர்வரிசையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

எழுதியாவது பார்க்கலாமென்று, 'திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துக் கதிர்' என்பது வரை வந்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நீங்கள் அந்த பஸ்ஸில் பின்சீட்டில் இருந்திருந்தால், மீதியை எழுதுங்கள்.